பண்டிகைப் பலகாரமும் பசியின் சரித்திரமும்

ஐப்பசி மழை ஊவா மலைகளை நனைக்கத் தொடங்கியதும் தோட்டத்து லயங்களில் தீபாவளிப் பேச்சும் தொடங்கிவிடும். முற்பணம் எப்போது கிடைக்கும், அதில் துணிக்கு எவ்வளவு, மாவுக்கும் சீனிக்கும் எண்ணெய்க்கும் எவ்வளவு என்ற கணக்கு ஒவ்வொரு காம்பராவிலும் நடக்கும். அதே நாட்களில் பதுளைப் பக்கத்து வைத்தியசாலைகளிலே வேறொரு கணக்கு நடைபெறுகிறது. இரத்தத்தில் சீனி எவ்வளவு, உடம்பின் நிறை எவ்வளவு, இடுப்பின் சுற்றளவு எவ்வளவு என்பது அந்தக் கணக்கு. வரிசையில் காத்து நிற்போரிடையே, கொழுந்துக் கூடை சுமந்து முதுகு வளைந்த தோட்டத்துப் பெண்களையும் காணலாம். "நிறையைக் குறைக்க வேண்டும், அம்மா. பண்டிகை வருகிறது, பலகாரத்தில் கை வைத்துவிடாதீர்கள்" என்று வைத்தியர் சொல்கிறார். "சரிங்க ஐயா" என்று தலையசைத்துவிட்டு அவர்கள் பசறைக்கும் லுணுகலைக்கும் ஹாலி-எலைக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஏறுவதற்கு முன் கடைத்தெருவில் சீனி வாங்கிக்கொள்கிறார்கள்.

இதைக் கண்டு சிரிப்போர் உண்டு. "எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டார்கள், நாக்கைக் கட்டத் தெரியாத ஜனங்கள்" என்று தீர்ப்புக் கூறுவோர் நம்முடைய ஆசிரியர் அறைகளிலும் இல்லாமற் போகவில்லை. தீர்ப்புக் கூறுவது எளிது. ஆனால் ஒரு மனிதன் ஓர் உணவை வேண்டாமென்று மறுக்க வேண்டுமாயின், அதற்கு முன்னர் அந்த உணவு அவன் கைக்கு எட்டியிருத்தல் வேண்டும் அன்றோ? மறுப்பதற்கும் ஓர் உடைமை தேவைப்படுகிறது. ஊவாத் தோட்டங்களின் சரித்திரத்தில் அந்த உடைமை எப்போது இருந்தது, எவ்வளவு இருந்தது என்பதைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகும்.

1. லண்டனில் ஒரு பருத்த மனிதர்

உணவைக் குறைத்து உடம்பை மெலிய வைக்கும் முயற்சி நவீன காலத்தில் பலரறிய விளம்பரமானது லண்டன் மாநகரிலேயே. அங்கே வில்லியம் பான்டிங் என்றொரு கனவான் இருந்தார். ஈமச் சடங்குகளை ஏற்பாடு செய்து கொடுப்பது அவரது தொழில். அறுபது வயதைக் கடந்த நிலையில், குனிந்து சப்பாத்தின் நாடாவைக் கட்டவும் இயலாதபடி அவர் பருத்திருந்தார். வைத்தியர் ஒருவரின் ஆலோசனைப்படி ரொட்டி, வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்கி, ஓராண்டுக் காலத்தில் 46 இறாத்தல் நிறை குறைந்தார். அந்த அனுபவத்தை 1863இல் ஒரு சிறு பிரசுரமாக வெளியிட்டார். அது பெருவாரியாக விற்றது. அவருடைய பெயரே 'உடம்பை மெலிய வைத்தல்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாக வழங்கலாயிற்று. அவருடைய உணவுப் பட்டியலில் தேநீருக்கு இடமிருந்தது. சீனியும் பாலும் சேர்க்காத தேநீர் என்பதே நிபந்தனை.

பான்டிங் விலக்கிய அந்தச் சீனி எங்கிருந்து வந்தது? மேற்கிந்தியத் தீவுகளில் ஆபிரிக்க அடிமைகளின் இரத்தத்திலிருந்து வந்தது. 1834இல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், மொரீசியஸ், கயானா, நேட்டால், பீஜி ஆகிய இடங்களின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களில் தமிழர் பல்லாயிரவர். பீஜியின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற பெண்களுக்காகப் பாரதி கண்ணீர் சிந்திப் பாடியதை நாம் அறிவோம்.

சீனியின் சரித்திரத்தை ஆராய்ந்த சிட்னி மின்ட்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலறிஞர் தரும் கணக்கு சிந்தனைக்குரியது. 1700ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ஆளொருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 இறாத்தல் சீனி செலவாயிற்று. 1800இல் அது 18 இறாத்தலாயிற்று. 1900ஆம் ஆண்டளவில் 90 இறாத்தலை எட்டியது. செல்வர்களின் ஆடம்பரப் பொருள் ஆலைத் தொழிலாளியின் அன்றாட உணவாக மாறிவிட்டது. சூடான தேநீரும் அதில் கரைந்த சீனியும், சமைக்க நேரமற்ற உழைப்பாளிக்கு மலிவான தெம்பைக் கொடுத்தன. முதலாளிக்கு அது இலாபம். தொழிலாளியின் வயிற்றுக்கு அது ஓர் ஏமாற்று. இதே ஏமாற்றுப் பின்னர் தேயிலை விளைந்த மலைகளுக்கே திரும்பி வந்தது. அந்தக் கதையைத்தான் நாம் காணப்போகிறோம்.

2. அரிசி எவர் கையில்?

ஊவாவின் பசி தோட்டத்தோடு தொடங்கியதன்று. 1817-18இல் ஊவா, வெல்லஸ்ஸப் பிரதேசத்துச் சிங்கள மக்கள் பிரிட்டிஷாரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தபோது, அந்நியப் படைகள் வீடுகளைக் கொளுத்தின; பயிர்களை அழித்தன; கால்நடைகளைக் கொன்றன; நீர்நிலைகளைச் சிதைத்தன. வெல்லஸ்ஸ என்ற சொல்லுக்கே நூறாயிரம் வயல்கள் என்று பொருள் கூறுவர். வயல்கள் பாழாயின. 1840இல் பிறந்த முடிக்குரிய காணிச் சட்டம் மலைக் காடுகளை அரசின் சொத்தாக்கிற்று. அவை கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. ஒரு மக்களின் நிலத்தைப் பறித்த கை, கடலுக்கு அப்பாலிருந்து இன்னொரு மக்களை அதில் உழைக்க அழைத்து வந்தது.

திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளில் பஞ்சமும் சாதிக் கொடுமையும் விரட்ட, கங்காணியின் வார்த்தையை நம்பி அவர்கள் வந்தார்கள். மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்த அந்தப் பயணத்தில் மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869இல் தோன்றிய இலை நோய் கோப்பியை அழித்தபின், தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அருகிலுள்ள டம்பதென்னை அவற்றுள் ஒன்று. ஊவாவின் கொழுந்து இங்கிலாந்துத் தொழிலாளியின் கோப்பையில் சீனியோடு கலந்தது.

இந்த மலைகளில் உழைத்தவர் எதை உண்டனர்? அரிசியைத் தோட்ட நிர்வாகமே வரவழைத்து அளந்து கொடுத்தது. அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. கடனோ வந்திறங்கிய நாளிலேயே பிறந்துவிட்டது. தொழிலாளியின் கடனை எழுதி, அதைத் தீர்ப்பவரிடம் அவரை ஒப்படைக்க வகை செய்த 'துண்டு' முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மாதச் சம்பள நாளில் கழிவெல்லாம் போக மிஞ்சியது சொற்பம். எதை உண்பது, எவ்வளவு உண்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் உண்பவரிடம் இருக்கவில்லை. அது பற்றுவரவுப் புத்தகத்தில் இருந்தது.

இத்தகைய வாழ்விலே தீபாவளிக்கு ஏற்பட்ட பெருமதிப்பை நாம் விளங்கிக்கொள்ளலாம். பண்டிகை வியாபாரிகளின் அறுவடை என்றும், கடனை வளர்க்கும் மூடவழக்கம் என்றும் நம்முடைய முற்போக்கு நண்பர்களிற் சிலர் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. முற்பணம் என்பது நன்கொடையன்று. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்படும் கடனேயாகும். ஆயினும் அவர்கள் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. ஆண்டு முழுவதும் அளந்து போட்டதை உண்ட வாய், தான் விரும்பியதைச் சுட்டுத் தின்ற நாள் அது ஒன்றே. முறுக்கும் அதிரசமும் வடையும் தட்டில் அடுக்கி அடுத்த காம்பராவுக்கு அனுப்பும்போது, வாங்கியே பழக்கப்படுத்தப்பட்ட கை அன்று கொடுக்கும் கையாகிறது. பலகாரத்தின் இனிப்பிலே அந்தக் கௌரவத்தின் இனிப்பும் கலந்திருக்கிறது. சிங்களக் கிராமங்களோடு அயலுறவு நிலைத்த இடங்களில் அந்தத் தட்டு கிராமத்துக்கும் போகும். சித்திரைப் புத்தாண்டிலே கொண்டைப் பணியாரமும் கொக்கிஸும் நிரம்பித் திரும்பி வரும்.

இந்த ஜனங்களுக்கு மறுக்கத் தெரியாது என்று சொல்வோர் 1940ஆம் ஆண்டைப் படிக்க வேண்டும். அவ்வாண்டில் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தது. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தில், சமசமாஜிகளின் தலைமையிலான தொழிற்சங்கத்தின் கீழ், தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தேர்ந்தெடுத்தனர். அந்தச் சபையைக் கலந்தே நிர்வாகம் நடத்தத் தோட்டத் துரை இணங்க வேண்டியதாயிற்று. அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்தனர். அப்போராட்டம் பின்னர் ஒடுக்கப்பட்டது உண்மையே. ஆனால் தமது கையில் இருந்த ஒரே உடைமையாகிய உழைப்பை, வேண்டிய நேரத்தில் மறுக்க அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதை அது நிரூபித்தது.

3. மாவு வந்த வழி

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் இடத்தை நிரப்பக் கோதுமை மா வந்தது. பஞ்சத்துக்கு வந்த மா பின்னர் திரும்பிப் போகவில்லை. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளைக் கவனித்து, பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டிய பெண்ணுக்கு ரொட்டி தட்டுவது எளிது. ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மலைக்கும் போகலாம். சோறும் காய்கறியும் ஆக்க நேரம் வேண்டும், விறகு வேண்டும், பணம் வேண்டும். ரொட்டியும் சம்பலும் சீனி போட்ட சாயத் தண்ணியும் தோட்டத்தின் உணவாக நிலைத்தது சுவையினால் மட்டுமன்று. அந்த வேலைநாளின் அமைப்பே அதைத் தேர்ந்தெடுத்தது.

சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1953இல் அரிசி மானியம் வெட்டப்பட்டு, ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்ந்தபோது, அவ்வாண்டு ஆகஸ்டு 12ஆம் தேதி நாடெங்கும் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலக நேர்ந்தது. உணவின் விலை ஓர் அரசியல் பிரச்சினை என்பதை இலங்கை மக்கள் அன்றே உலகுக்கு உணர்த்தினர். வாக்குரிமை பறிக்கப்பட்ட தோட்ட மக்களின் பசி மட்டும் எந்தத் தேர்தலிலும் எண்ணப்படவில்லை.

அதன் விளைவு 1973-74இல் கோரமாகத் தெரிந்தது. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. அரிசிப் பங்கீடு குறைந்தது. மாவும் சீனியும் விலையேறிக் கிடைத்தற்கரியவாயின. கிராமத்து ஏழைக்கு மரவள்ளி நடத் துண்டு நிலமாவது இருந்தது. லயத்து மனிதனுக்கு வாசற்படிக்கு வெளியே இருந்த மண் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நாட்களும் குறைந்தன. தோட்டங்களில் மரண வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் மிகக் கடுமையாக உயர்ந்தது. தேயிலையால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக் கொடுத்தவர்கள் நகரத் தெருக்களில் கையேந்தி அலைந்தார்கள். அந்த ஆண்டுகளின் தீபாவளியில் பலகாரத்தை மறுக்கும் பிரச்சினை லயங்களில் எழவேயில்லை.

4. உடம்பு மறப்பதில்லை

இங்கே விஞ்ஞானம் சொல்லும் ஒரு செய்தியை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற வைத்திய அறிஞரும் அவர் குழுவினரும் பழைய பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டி ஆராய்ந்தார்கள். நிறை குறைந்து பிறந்த குழந்தைகளே வளர்ந்து முதிர்ந்தபின் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் கூடுதலாக ஆளாகிறார்கள் என்று கண்டார்கள். 1944-45 குளிர்காலத்தில் நாஜிகளின் முற்றுகையால் ஒல்லாந்தில் பஞ்சம் நிலவியபோது கருவிலிருந்தோரைப் பற்றிய ஆய்வுகளும் இக்கருத்துக்கு வலுவூட்டின. புனேயில் சிட்டரஞ்சன் யாக்னிக் என்பார் இந்தியக் குழந்தைகளை ஆராய்ந்தார். அவை ஆங்கிலக் குழந்தைகளைவிட மிக மெலிந்து பிறந்தன; ஆயினும் தசை குறைந்த அளவுக்கு உடற்கொழுப்புக் குறைந்திருக்கவில்லை. தாயின் வயிற்றிலேயே பசியை அறிந்த உடம்பு, கிடைப்பதைச் சேர்த்து வைக்கப் பழகிக்கொள்கிறது. பின்னாளில் மாவும் சீனியும் தாராளமாகக் கிடைக்கும்போது அந்தப் பழக்கமே பகையாகிறது.

இதை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 1974இல் ஊவாவின் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்த பெண் குழந்தைக்கு இன்று ஐம்பது வயது கடந்துவிட்டது. வைத்தியசாலை வரிசையிலே நிற்பவள் அவளாகவும் இருக்கலாம். ஒவ்வொருவரின் நோய்க்கும் காரணம் அதுவேயென்று அடித்துச் சொல்ல இயலாது. பரம்பரையும் வயதும் வாழ்க்கை முறையும் அதில் சேரும். எனினும் அவளுடைய இடுப்பின் சுற்றளவை அளக்கும் நாடா, அவளுடைய ஆசையை மாத்திரம் அளக்கவில்லை என்பது உறுதி. அவள் தாயின் பட்டினியையும் சேர்த்தே அது அளக்கிறது.

அந்தப் பட்டினி இன்னும் முடிந்தபாடில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17.3, தோட்டத்துறையில் 31.7. மறுபுறத்தில், 2005-06இல் நடந்த ஆய்வொன்று இலங்கையின் வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. ஆக, ஒரே காம்பராவில் பாட்டிக்குச் சீனி வருத்தமும் பேரனுக்கு வளர்ச்சிக் குறைவும் இருத்தல் கூடும். ஒன்று மிகுதியின் நோய், மற்றது குறைவின் நோய் என்று பாடப்புத்தகம் பிரித்துச் சொல்லும். வாழ்க்கையிலே இரண்டும் ஒரே அடுப்பிலிருந்து பிறக்கின்றன.

5. பலகாரமா குற்றவாளி?

இனி, வைத்தியரின் ஆலோசனைக்கு வருவோம். அது தவறான ஆலோசனையன்று. நீரிழிவாளர் இனிப்பைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். சரித்திரத்தைக் காட்டி மருந்தையும் பத்தியத்தையும் கைவிடச் சொல்பவன் தொழிலாளியின் நண்பனல்லன். ஆனால் குற்றவாளி யார் என்பதைச் சரியாக அடையாளம் காண வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்கு, அதாவது ஆறு தேக்கரண்டிக்கு மேற்படாமல் சீனி சேர்ப்பது சிறந்தது. ஒருவர் நாளுக்கு ஐந்து கோப்பைச் சாயத் தண்ணி, கோப்பைக்கு இரண்டு கரண்டிச் சீனியோடு குடிப்பதாக வைத்துக்கொள்வோம். கரண்டிக்கு 4 கிராம் வீதம் அது நாளுக்கு 40 கிராமாகிறது. ஆண்டுக்குப் பதினான்கு கிலோவுக்கு மேலாகிறது. ஒரு தீபாவளியின் அதிரசங்கள் அத்தனையும் சேர்ந்தாலும் அதன் பக்கத்தில் நிற்க மாட்டா. நோயை வளர்ப்பது பண்டிகை நாளன்று. பண்டிகையில்லாத மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாட்களே. அந்த நாட்களில் சீனி இன்பத்துக்காக உண்ணப்படுவதில்லை. அரைவயிற்றோடு மலையேறும் உடம்பைத் தள்ளிச் செல்லும் எரிபொருளாகவே அது உண்ணப்படுகிறது. பான்டிங் காலத்து ஆங்கிலத் தொழிலாளியை ஏமாற்றிய அதே கோப்பை, இன்று கொழுந்து பறிப்பவளின் கையில் இருக்கிறது.

அரசாங்கங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2016இல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்ட வேண்டுமென்று விதிக்கப்பட்டது. 2017இல் அவற்றின் சீனிக்கு வரி விதிக்கப்பட்டது. நல்ல காரியங்கள். ஆனால் சிவப்பு அடையாளத்தைப் பார்த்து விலக்கியவர் அதற்குப் பதிலாக எதை வாங்குவார்? காய்கறிக்கும் பருப்புக்கும் முட்டைக்கும் சம்பளம் போதுமா? நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டுமென்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 மார்ச்சில்தான் நிறைவேறியது. அடுத்த ஆண்டே நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பொருட்களின் விலை ஓராண்டில் நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தது. கூட்டிக் கொடுத்ததைக் கடைக்காரனின் தராசு திரும்ப எடுத்துக்கொண்டது.

ஆகவே 'நிறையைக் குறையுங்கள்' என்ற புத்திமதிக்குப் பின்னால் சில கோரிக்கைகள் வரிசையாக நிற்க வேண்டும். காய்கறியும் புரதமும் வாங்கப் போதிய சம்பளம். லயத்தைச் சுற்றிக் கீரையும் அவரையும் போட உரிமையுள்ள நிலம். நோய் முற்றுமுன் கண்டறியத் தோட்டத்துக்கே வரும் வைத்திய சேவை. சமைப்பதற்கும் இளைப்பாறுவதற்கும் பெண்ணுக்கு நேரம். வீட்டு வேலையில் ஆண்மகனின் பங்கு. இவை இல்லாதவிடத்துப் புத்திமதி ஏழையின் தலையில் ஏற்றும் இன்னொரு சுமையாகும். கூடையின் பாரம் போதாதென்று குற்றவுணர்வின் பாரத்தையும் அவள் சுமக்க வேண்டுமா?

ஆசிரியர்களும் மாணவர்களுமான நமக்கும் இதில் பணியுண்டு. கோப்பைச் சீனியின் கணக்கை வகுப்பறையிலே போட்டுக் காட்டலாம். இரண்டு கரண்டியை ஒன்றாக்கவும், ஒன்றை அரையாக்கவும் பிள்ளைகள் வழியாக வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம். அதைச் சொல்லும்போது, அவர்களுடைய பாட்டன் பாட்டி எதை உண்டார்கள், எதை உண்ணாமல் மடிந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்தக் கணக்கு அவமானப்படுத்தாது, அறிவைத் தரும்.

தீபாவளியன்று ஏதேனுமொரு லயத்துக்கு நாம் போனால், ஒரு தாய் தட்டைக் கொண்டுவந்து நீட்டுவாள். "டயட்டில் இருக்கிறேன்" என்று சொல்லித் தட்டைத் திருப்பி அனுப்பும் வசதி நமக்கு உண்டு. நம் உடம்புக்கு ஆகாதென்றால் ஒரு துண்டைப் பிட்டு வாயிலிட்டு, மீதியைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். அவள் மனம் நோகாது. அவள் தானும் ஒன்றை எடுப்பாளா, அல்லது வைத்தியரின் சொல்லை நினைத்து வைத்துவிடுவாளா என்பது அவள் முடிவு. எடுக்காமல் விட்டாலும் அது இல்லாமையினால் ஏற்பட்டதாய் இருக்கலாகாது; தன் உடம்பைத் தானே ஆளும் ஒருத்தியின் விருப்பமாய் இருத்தல் வேண்டும். அந்த நிலையை ஊவாவின் ஒவ்வொரு லயத்துக்கும் கொண்டுவருவதே நம் முன்னுள்ள வேலை. வேவெஸ்ஸத் தொழிலாளர் 1940இல் தொடங்கிய வேலையும் அதுதான்.